கெல்டால் முறை

கெல்டால் முறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள நைட்ரசனின் (நைதரசன்) அளவைக் கண்டறிய உதவும் வேதிப் பகுப்பாய்வு முறை ஆகும். டென்மார்க் நாட்டு வேதியியலாளர் யோகான் கெல்டால் 1883 ஆம் ஆண்டில் இதனை அறிமுகப்படுத்தினார். மாதிரியை அடர் சல்பூரிக் அமிலத்துடன் கொதிக்கவைத்து அதிலுள்ள நைட்ரசனை அம்மோனியம் சல்பேட்டாக மாற்றுதல், அதனுடன் காரம் சேர்த்து அம்மோனியாவை வெளியேற்றுதல், வெளியேறிய அம்மோனியாவை அமிலத்தால் அளந்தறிதல் ஆகிய மூன்று படிகளைக் கொண்டது இம்முறை.

தானியங்கள், பால், இறைச்சி, கால்நடைத் தீவனம், மண், உரம், கழிவுநீர் முதலியவற்றின் ஆய்வில் இம்முறை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டு வருகிறது. உணவுப் பொருள்களில் உள்ள புரதத்தின் அளவும் பெரும்பாலும் நைட்ரசனை அளந்து, அதனை ஒரு காரணியால் பெருக்கியே கணக்கிடப்படுகிறது. எனினும் கெல்டால் முறை நேரடியாக அளப்பது நைட்ரசனையே, புரதத்தை அன்று. இவ்வேறுபாடு ஏட்டளவிலானது மட்டுமன்று என்பதை 2008 ஆம் ஆண்டில் சீனாவில் நிகழ்ந்த மெலமின் கலப்படம் காட்டியது.

வரலாறு

கரிமச் சேர்மங்களிலுள்ள நைட்ரசனை அளக்கும் முறைகள் கெல்டாலுக்கு முன்பே இருந்தன. பிரெஞ்சு வேதியியலாளர் சான் பப்டிசிட்டே டூமா 1830களில் உருவாக்கிய முறையில், சேர்மம் செப்பு ஆக்சைடுடன் சேர்த்து எரிக்கப்பட்டு, வெளிவரும் நைட்ரசன் வாயுவின் கனவளவு அளக்கப்பட்டது. 1841 இல் வில், வாரென்டிராப் ஆகிய இருவர் வெளியிட்ட முறையில், சேர்மம் சோடா சுண்ணாம்புடன் சூடேற்றப்பட்டு அம்மோனியா பெறப்பட்டது. இவை இரண்டும் கடினமானவை. நேரம் மிகுதியாகப் பிடிப்பவை. ஒரே நாளில் பல மாதிரிகளை ஆய்வதற்கு ஏற்றவையாக அவை இருக்கவில்லை.

யோகான் கெல்டால் (1849 - 1900) கோபனாவன் நகரிலுள்ள கார்ல்சுபெர்க் ஆய்வகத்தின் வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். மதுவடிப்பாலை உரிமையாளரான யாக்கப்சன் என்பவர் 1875 இல் இவ்வாய்வகத்தை நிறுவினார். வாற்கோதுமை முளைக்கும்போதும், அதிலிருந்து பெறும் சாறு நொதிக்கும்போதும் புரதத்தில் ஏற்படும் மாற்றங்களைக் கெல்டால் ஆராய்ந்து வந்தார். அதற்கு எளிய, விரைவான நைட்ரசன் அளவீடு தேவைப்பட்டது. அவர் தாம் கண்ட முறையை 1883 மார்ச்சு மாதத்தில் டென்மார்க் வேதியியல் கழகத்தில் விளக்கினார். அதே ஆண்டில் அது செருமானிய மொழியில் வெளிவந்த பகுப்பாய்வு வேதியியல் இதழ் ஒன்றிலும் வெளியாகி, விரைவில் பல நாடுகளுக்கும் பரவியது.

முதல் வடிவத்தில் அமிலச் சிதைவை நிறைவு செய்ய பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு பயன்பட்டது. பின்னர் வந்தவர்கள் இம்முறையைச் செம்மைப்படுத்தினர்.

* 1885 இல் வில்பார்த்து, உலோக ஆக்சைடுகள், சிறப்பாகப் பாதரச ஆக்சைடு, சிதைவை விரைவுபடுத்துவதைக் காட்டினார்.
* 1889 இல் கன்னிங், பொட்டாசியம் சல்பேட்டைச் சேர்த்து அமிலத்தின் கொதிநிலையை உயர்த்தினார்.
* 1913 இல் விங்க்ளர், வெளிவரும் அம்மோனியாவைப் போரிக் அமிலத்தில் பிடிக்கும் வழியை அறிமுகப்படுத்தினார்.

இன்றும் ஆய்வகங்களில் பின்பற்றப்படுவது இம்மாற்றங்களை உள்ளடக்கிய வடிவமே ஆகும். செரிப்புக்குப் பயன்படும் நீண்ட கழுத்துடைய உருண்டைக் குடுவை, கெல்டால் குடுவை என்றே அழைக்கப்படுகிறது.

பகுப்பாய்வு முறைகளில் இதன் இடம்

வேதிப் பகுப்பாய்வு இரு பெரும் பிரிவுகளைக் கொண்டது. ஒரு பொருளில் என்னென்ன உள்ளன என்று கண்டறிவது பண்பறி பகுப்பாய்வு. அவை ஒவ்வொன்றும் எவ்வளவு உள்ளன என்று கண்டறிவது அளவறி பகுப்பாய்வு. அளவறி பகுப்பாய்வில், வீழ்படிவை எடைபோட்டு அறிவது எடையறி பகுப்பாய்வு எனவும், செறிவு தெரிந்த கரைசலின் கனவளவைக் கொண்டு அறிவது பருமனறி பகுப்பாய்வு எனவும் வழங்கப்படும். ஒளியியல், மின்வேதியியல் முதலிய பண்புகளைக் கருவிகளால் அளப்பது கருவிசார் பகுப்பாய்வு ஆகும்.

கெல்டால் முறை ஓர் அளவறி முறை. அதிலும் பருமனறி முறை. இறுதிப் படியில் நடைபெறுவது அமில - கார தரம்பார்த்தல் ஆகும். (தரம்பார்த்தல் என்பது இலங்கை வழக்கில் நியமிப்பு எனவும், அதற்குப் பயன்படும் பியூரெட்டு அளவி எனவும் வழங்கும்.) மாதிரி எடுத்தல், எடைபோடுதல், சிதைத்தல், பிரித்தெடுத்தல், தரம்பார்த்தல், கணக்கிடுதல், பிழையை மதிப்பிடுதல் என்று பகுப்பாய்வின் அடிப்படைப் படிகள் அனைத்தும் இந்த ஒரே முறையில் அடங்கியிருப்பதால், மாணவர்கள் பயில்வதற்கு இது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

கோட்பாடு

கரிமப் பொருளை அடர் சல்பூரிக் அமிலத்துடன் கொதிக்கவைக்கும்போது அதிலுள்ள கார்பன், கார்பன் டைஆக்சைடாகவும், ஐதரசன், நீராகவும் மாறி வெளியேறுகின்றன. அமிலத்தின் ஒரு பகுதி சல்பர் டைஆக்சைடாக ஒடுக்கமடைகிறது. அமீன், அமைடு தொகுதிகளில் உள்ள நைட்ரசன் மட்டும் அம்மோனியம் அயனியாக அமிலத்திலேயே தங்கிவிடுகிறது. இதுவே இம்முறையின் அடிப்படை. பல நூறு வகையான சேர்மங்கள் கலந்துள்ள ஒரு மாதிரி, இப்படியின் முடிவில் ஒரே ஒரு நைட்ரசன் சேர்மமுடைய கரைசலாகிறது.

வினைகளைச் சொற்களில் பின்வருமாறு எழுதலாம்.

* கரிம நைட்ரசன் + சல்பூரிக் அமிலம் → அம்மோனியம் சல்பேட்டு + கார்பன் டைஆக்சைடு + சல்பர் டைஆக்சைடு + நீர்
* அம்மோனியம் சல்பேட்டு + சோடியம் ஐதராக்சைடு → சோடியம் சல்பேட்டு + அம்மோனியா + நீர்
* அம்மோனியா + போரிக் அமிலம் → அம்மோனியம் அயனி + போரேட்டு அயனி
* போரேட்டு அயனி + ஐதரோகுளோரிக் அமிலத்தின் ஐதரசன் அயனி → போரிக் அமிலம்

ஒரு நைட்ரசன் அணு ஓர் அம்மோனியா மூலக்கூறைத் தருகிறது. ஓர் அம்மோனியா மூலக்கூறு ஒரு போரேட்டு அயனியைத் தருகிறது. அதனை நடுநிலையாக்க ஓர் ஐதரசன் அயனி தேவை. ஆகவே, செலவான ஐதரோகுளோரிக் அமிலத்தின் மோல் எண்ணிக்கையும் மாதிரியிலிருந்து பெறப்பட்ட நைட்ரசனின் மோல் எண்ணிக்கையும் சமமாகும்.

செய்முறை

மாதிரி எடுத்தல்

ஒரு மூட்டைக் கோதுமையின் நிலையைக் குடுவையில் இடப்படும் ஒரு கிராம் மாவிலிருந்து அறிய வேண்டியுள்ளது. மேற்பகுதியிலிருந்து மட்டும் எடுத்த தானியம் முழு மூட்டையையும் குறிக்காது. எனவே பல இடங்களிலிருந்து சிறுசிறு அளவில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இவ்வாறு படிப்படியாகக் குறைக்க வேண்டும். பின்னர் நன்றாக அரைத்துச் சலிக்க வேண்டும். பால் எனில், கொழுப்பு மேலே திரளாதவாறு மென்மையாகக் கலக்கிய பின்னரே எடுக்க வேண்டும். மாதிரி எடுப்பதில் நேரும் பிழையை அடுத்து வரும் எந்தப் படியாலும் திருத்த இயலாது.

செரிப்பு

துல்லியமாக எடைபோட்ட மாதிரி (தானிய மாவு எனில் ஏறத்தாழ 1 கிராம்) கெல்டால் குடுவையில் இடப்படுகிறது. அதனுடன் ஏறத்தாழ 7 கிராம் பொட்டாசியம் சல்பேட்டும், சிறிதளவு செப்பு சல்பேட்டும் (மயில்துத்தம்), 12 முதல் 15 மில்லி லிட்டர் அடர் சல்பூரிக் அமிலமும் சேர்க்கப்படுகின்றன. பொட்டாசியம் சல்பேட்டு, அமிலத்தின் கொதிநிலையை ஏறத்தாழ 338 பாகை செல்சியசிலிருந்து 370 பாகைக்கும் மேலாக உயர்த்துகிறது. செப்பு சல்பேட்டு வினையூக்கியாகச் செயல்படுகிறது. பாதரசம் இதனினும் விரைவான வினையூக்கி எனினும் அதன் நச்சுத்தன்மை காரணமாகப் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

தொடக்கத்தில் கலவை கருகிக் கருநிறமாகி நுரைக்கும். அப்போது மெதுவாகவே சூடேற்ற வேண்டும். பின்னர் பழுப்பு நிறம் பெற்று, இறுதியில் தெளிந்த நீலப்பச்சை நிறக் கரைசலாகும். கரைசல் தெளிந்தவுடன் செரிப்பு நிறைவடைந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. கார்பன் முழுவதும் நீங்கிய பின்னரும் சில நைட்ரசன் சேர்மங்கள் அம்மோனியமாக மாறாமல் எஞ்சியிருக்கலாம். அதனால் தெளிந்த பிறகும் குறிப்பிட்ட நேரம் கொதிக்கவைத்தல் நடைமுறையாகும். மாறாக, அமிலம் மிகுதியாக ஆவியாகி உப்பு மிஞ்சினால் வெப்பநிலை மேலும் உயர்ந்து அம்மோனியா இழப்பு நேரும். மாதிரியில் கொழுப்பு மிகுந்திருந்தால் அமிலம் கூடுதலாகச் செலவாகும் என்பதால் அதற்கேற்ப அமிலத்தின் அளவைக் கூட்ட வேண்டும்.

காய்ச்சி வடித்தல்

குளிர்ந்த கரைசல் நீரால் நீர்க்கப்படுகிறது. பின்னர் குடுவையை வடிகலத்துடன் இணைத்து, அடர் சோடியம் ஐதராக்சைடு கரைசல் மிகையாகச் சேர்க்கப்படுகிறது. செப்பு வினையூக்கி இருந்தால் கரைசல் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறும். காரம் போதிய அளவு சேர்ந்துவிட்டது என்பதற்கு இது அடையாளம். நீராவியைச் செலுத்திக் காய்ச்சும்போது அம்மோனியா வெளியேறி, குளிர்விப்பானின் வழியாகச் சென்று, போரிக் அமிலம் உள்ள ஏற்புக் குடுவையை அடைகிறது.

குளிர்விப்பானின் நுனி போரிக் அமிலக் கரைசலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். இல்லையெனில் அம்மோனியாவின் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும். வடித்தல் முடியும்போது ஏற்புக் குடுவையைத் தாழ்த்தி நுனியை வெளியே எடுத்த பின்னரே சூட்டை நிறுத்த வேண்டும். முதலில் சூட்டை நிறுத்தினால் கலத்தினுள் அழுத்தம் குறைந்து, ஏற்புக் குடுவையிலுள்ள கரைசல் பின்னோக்கி உறிஞ்சப்படும்.

தரம்பார்த்தல்

போரிக் அமிலம் மிகவும் வலுக்குறைந்த அமிலம். அதன் செறிவும் கனவளவும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அம்மோனியாவைப் பிடிக்கப் போதுமானதாக இருந்தால் போதும். உருவான போரேட்டை 0.1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கலாம். இவ்வமிலம் முன்னதாகச் சோடியம் கார்பனேட்டு போன்ற முதல்நிலைத் தரப்பொருளைக் கொண்டு நியமப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்.

மெத்தில் சிவப்பும் புரோமோகிரெசால் பச்சையும் கலந்த நிறங்காட்டி பயன்படுகிறது. அம்மோனியா சேரும்போது பச்சையாகும் கரைசல், முடிவுநிலையில் இளஞ்சிவப்பாகிறது. பினால்ப்தலீன் இங்கு பொருந்தாது. முடிவுநிலையில் கரைசலில் இருப்பவை அம்மோனியம் அயனியும் போரிக் அமிலமும் ஆதலால், அது சற்று அமிலத்தன்மையுடன் இருக்கும். பினால்ப்தலீன் நிறம் மாறுவதோ காரத்தன்மையுள்ள பகுதியில் ஆகும்.

கணக்கிடுதல்

போரிக் அமில முறையில் பயன்படும் வாய்பாடு பின்வருமாறு:

நைட்ரசன் விழுக்காடு = (மாதிரிக்குச் செலவான அமிலம் − வெற்றுச் சோதனைக்குச் செலவான அமிலம்) × அமிலத்தின் மோலாரிட்டி × 1.4007 ÷ மாதிரியின் நிறை

இதில் அமிலத்தின் கனவளவு மில்லி லிட்டரிலும், நிறை கிராமிலும் இருக்க வேண்டும். 1.4007 என்பது நைட்ரசனின் அணுநிறையான 14.007 ஐ, மில்லி மோலிலிருந்து கிராமுக்கு மாற்ற 1000 ஆல் வகுத்து, விழுக்காட்டுக்காக 100 ஆல் பெருக்கிப் பெறப்பட்டது.

எடுத்துக்காட்டு 1: கோதுமை மாவு 1.000 கிராம். 0.1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலம் மாதிரிக்கு 13.9 மில்லி லிட்டரும், வெற்றுச் சோதனைக்கு 0.2 மில்லி லிட்டரும் செலவாயின எனக் கொள்வோம். வேறுபாடு 13.7 மில்லி லிட்டர். நைட்ரசன் = 13.7 × 0.1 × 1.4007 ÷ 1.000 = 1.92 விழுக்காடு.

பாடநூல்களில் பெரும்பாலும் பின்தரம்பார்த்தல் முறையே கொடுக்கப்பட்டிருக்கும். இதில் அம்மோனியா, அளவு தெரிந்த மிகையான வலிமை மிகு அமிலத்தில் பிடிக்கப்படுகிறது. எஞ்சிய அமிலம் காரத்தால் தரம்பார்க்கப்படுகிறது.

எடுத்துக்காட்டு 2: கிளைசின் 0.150 கிராம் செரிக்கப்பட்டு, வெளிவந்த அம்மோனியா 50.0 மில்லி லிட்டர் 0.1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் பிடிக்கப்பட்டது. எஞ்சிய அமிலத்தை நடுநிலையாக்க 30.0 மில்லி லிட்டர் 0.1 மோலார் சோடியம் ஐதராக்சைடு தேவைப்பட்டது. எடுத்துக்கொண்ட அமிலம் 5.00 மில்லி மோல், எஞ்சியது 3.00 மில்லி மோல். எனவே அம்மோனியா 2.00 மில்லி மோல். நைட்ரசன் 28.0 மில்லி கிராம், அதாவது 18.7 விழுக்காடு. கிளைசினின் மூலக்கூறு வாய்பாட்டின்படி இருக்க வேண்டிய அளவும் 18.7 விழுக்காடே.

நைட்ரசனிலிருந்து புரதம்

புரதங்களில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரசன் உள்ளது என்று கொண்டால், 100 ஐ 16 ஆல் வகுத்துக் கிடைக்கும் 6.25 என்ற எண்ணால் நைட்ரசன் அளவைப் பெருக்கிப் புரத அளவைப் பெறலாம். ஆனால் எல்லாப் புரதங்களிலும் அமினோ அமிலங்கள் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை. ஆகவே பொருளுக்குப் பொருள் காரணி மாறுபடும். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த சோன்சு என்பவர் 1931 இல் வெளியிட்ட காரணிகள் பரவலாகப் பயன்பட்டு வந்துள்ளன. சில காரணிகள் வருமாறு:

* பால், பால் பொருள்கள் - 6.38
* முட்டை, இறைச்சி - 6.25
* அரிசி - 5.95
* வாற்கோதுமை - 5.83
* சோயா அவரை - 5.71
* கோதுமை மாவு - 5.70
* செலட்டின் - 5.55
* நிலக்கடலை - 5.46

முதல் எடுத்துக்காட்டில் கண்ட கோதுமை மாவின் நைட்ரசனை 5.70 ஆல் பெருக்கினால் புரதம் 10.9 விழுக்காடு, 6.25 ஆல் பெருக்கினால் 12.0 விழுக்காடு. ஒரே மாவு, ஒரே அளவீடு. ஆயினும் விடையில் ஒரு விழுக்காட்டுக்கும் மேலான வேறுபாடு. பியூரெட்டில் 0.1 மில்லி லிட்டர் தவறாகப் படித்தால் இதே மாவின் புரத அளவில் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழ 0.08 விழுக்காடு மட்டுமே என்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

இவ்வாறு பெறப்படும் அளவு, பண்படா புரதம் எனப்படும். தீவன மூட்டைகளில் காணப்படுவது இவ்வளவே. முடிவை எழுதும்போது எந்தக் காரணி பயன்பட்டது என்பதையும், ஈரப்பதத்துடன் கூடிய மாதிரிக்கான மதிப்பா, உலர்நிறைக்கான மதிப்பா என்பதையும் குறிப்பிட வேண்டும். மேற்கண்ட மாவில் 13 விழுக்காடு ஈரம் இருந்தால், உலர்நிறையில் புரதம் 12.6 விழுக்காடாகிவிடும்.

முடிவின் நம்பகத்தன்மை

திரும்பத் திரும்பச் செய்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பது ஒன்று. அவை உண்மையான மதிப்பை ஒட்டியிருப்பது வேறொன்று. மூன்று முறை செய்து 1.91, 1.92, 1.93 என்று வந்தால் அவை நன்கு ஒத்துள்ளன. ஆனால் மூன்று முறையும் செரிப்பு ஒரே அளவில் குறைபட்டிருந்தால், மூன்றும் ஒரே அளவில் தவறானவையே. முதல்வகைப் பிழையைப் பல முறை அளந்து சராசரி கண்டு குறைக்கலாம். இரண்டாம் வகைப் பிழை அவ்வாறு குறையாது. அதனைக் கண்டறியத் தனிச் சோதனைகள் தேவை.

* வெற்றுச் சோதனை: மாதிரி இல்லாமல், எல்லா வினைப்பொருள்களையும் சேர்த்து எல்லாப் படிகளையும் செய்தல். அமிலம், நீர், எடைபோடப் பயன்படும் தாள் ஆகியவற்றிலிருந்து வரும் நைட்ரசன் இதனால் தெரியவரும்.
* வடித்தலைச் சோதித்தல்: தூய அம்மோனியம் சல்பேட்டை (21.2 விழுக்காடு நைட்ரசன்) செரிக்காமல் நேரே வடித்துப் பார்த்தல். அளவு குறைந்தால் கலத்தில் கசிவு உள்ளது அல்லது காரம் போதவில்லை எனலாம்.
* செரிப்பைச் சோதித்தல்: எளிதில் சிதையாத, இயைபு தெரிந்த டிரிப்டோபான் (13.7 விழுக்காடு நைட்ரசன்) போன்ற தூய சேர்மத்தை மாதிரியைப் போலவே செரித்துப் பார்த்தல்.

இரண்டாவது சோதனை சரியாக வந்து மூன்றாவது குறைந்தால், குறை செரிப்பில்தான் உள்ளது. இவ்வாறு பிழை எந்தப் படியில் உள்ளது என்பதையும் பிரித்தறியலாம்.

குறைபாடுகள்

கெல்டால் முறை எல்லா வகை நைட்ரசனையும் அளப்பதில்லை. நைட்ரோ, நைட்ரோசோ, அசோ தொகுதிகளில் உள்ள நைட்ரசனும், பிரிடின், குயினோலின் போன்ற வளையச் சேர்மங்களில் உள்ள நைட்ரசனும் வழக்கமான செரிப்பில் முழுமையாக அம்மோனியமாக மாறுவதில்லை. நைட்ரேட்டு, நைட்ரைட்டு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நைட்ரேட்டு உள்ள உரங்களையும் மண்ணையும் ஆயும்போது சாலிசிலிக் அமிலம், சோடியம் தயோசல்பேட்டு ஆகியவற்றைப் பயன்படுத்தும் திருத்திய முறை கையாளப்படுகிறது.

மறுபுறம், புரதமல்லாத பல பொருள்களின் நைட்ரசனும் இம்முறையில் அளக்கப்படுகிறது. யூரியா, தனி அமினோ அமிலங்கள், நியூக்ளிக் அமிலங்கள், காளான்களிலுள்ள கைட்டின் ஆகியவை இத்தகையவை. பசும்பாலில் உள்ள மொத்த நைட்ரசனில் ஏறத்தாழ 5 விழுக்காடு புரதமல்லாத நைட்ரசன் ஆகும். இயற்கையான உணவுகளில் இதனால் நேரும் பிழை பொதுவாகச் சிறியது. ஆனால் நைட்ரசன் மிகுந்த பொருளை வேண்டுமென்றே கலந்தால், இம்முறை அதனையும் புரதம் என்றே காட்டும்.

மெலமின் கலப்படம்

மெலமின் என்பது நெகிழிப் பிசின்கள் செய்யப் பயன்படும் தொழிற்சாலை வேதிப்பொருள். இதன் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு (66.6 விழுக்காடு) நைட்ரசன் ஆகும். புரதத்தில் உள்ளதைவிட இது நான்கு மடங்குக்கும் மேல். பாலுக்குரிய 6.38 என்ற காரணியைப் பயன்படுத்தினால், 1 கிராம் மெலமின் 4.25 கிராம் புரதமாகக் கணக்கில் தோன்றும். மெலமினுக்கு உணவு மதிப்பு எதுவும் இல்லை.

2007 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் வளர்ப்பு நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. சீனாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டு அவற்றின் உணவில் சேர்க்கப்பட்ட கோதுமைப் பசையத்தில் மெலமினும் சயனூரிக் அமிலமும் கலந்திருந்தது கண்டறியப்பட்டது.

மறு ஆண்டு செப்டம்பரில், சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமின் கலந்திருந்தது வெளிப்பட்டது. சான்லு என்ற பெரிய நிறுவனத்தின் பால்மாவில் இது முதலில் தெரியவந்தது. பின்னர் வேறு பல நிறுவனங்களின் பொருள்களிலும் காணப்பட்டது. பாலில் நீர் கலந்தால் புரத விழுக்காடு குறையும். கொள்முதலின்போது புரதம் நைட்ரசனைக் கொண்டே சோதிக்கப்பட்டதால், அக்குறைவை மறைக்க மெலமின் சேர்க்கப்பட்டது. குழந்தைகளின் சிறுநீரகத்தில் மெலமின், யூரிக் அமிலத்துடன் சேர்ந்து கற்களாகப் படிந்து சிறுநீர்ப் பாதையை அடைத்தது. சீன அரசு 2008 ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட கணக்கின்படி ஏறத்தாழ 2,94,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகளின் இறப்பு இதனுடன் தொடர்புபடுத்தப்பட்டது. இக்குற்றத்துக்காக இருவருக்கு 2009 இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

நைட்ரசன் அளவீடு இந்நிகழ்வில் பொய்யான எண்ணைத் தரவில்லை. பாலில் அவ்வளவு நைட்ரசன் இருந்தது உண்மையே. பாலிலுள்ள நைட்ரசன் அனைத்தும் பாலின் இயல்பான கூறுகளிலிருந்தே வந்தது என்று கொண்டு, அதனைக் காரணியால் பெருக்கியதிலேயே பிழை இருந்தது. ஒரு பொருளை நேரே அளக்காமல் அதன் அடையாளம் ஒன்றை அளக்கும் எந்தச் சோதனையிலும், அந்த அடையாளம் வேறு எதிலிருந்தெல்லாம் வரக்கூடும் என்ற கேள்வியை ஆய்வாளர் எழுப்ப வேண்டியுள்ளது.

இதன்பின் பல நாடுகள் பால் பொருள்களில் மெலமினைத் தனியே சோதிக்கத் தொடங்கின. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்சு ஆணையம் 2010 இல், குழந்தைகளுக்கான பால்மாவில் கிலோவுக்கு 1 மில்லி கிராம் எனவும், பிற உணவுகளில் கிலோவுக்கு 2.5 மில்லி கிராம் எனவும் மெலமினின் உச்ச அளவை வரையறுத்தது.

புரதத்தைப் பிரித்தறியும் வழிகள்

கெல்டால் முறையைக் கொண்டே உண்மைப் புரதத்தை அளக்கலாம். பாலுடன் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்தால் புரதம் வீழ்படிவாகும். யூரியா, மெலமின் போன்ற சிறு மூலக்கூறுகள் கரைசலிலேயே தங்கும். வடிகட்டி, வீழ்படிவிலுள்ள நைட்ரசனை மட்டும் அளந்தால் கிடைப்பது புரத நைட்ரசன். வடிநீரிலுள்ள நைட்ரசனையும் அளந்து ஒப்பிட்டால், கலப்படம் உள்ளதா என்ற ஐயமும் தெளியும். இதற்குக் கூடுதலாக ஒரு வடிகட்டலும் ஒரு செரிப்பும் தேவைப்படுகின்றன.

* டூமா முறை: பழைய எரிப்பு முறையின் தானியங்கி வடிவம். சில நிமிடங்களில் முடிவைத் தருகிறது. அமிலக் கழிவு இல்லை. நைட்ரேட்டு உட்பட எல்லா நைட்ரசனையும் அளக்கிறது. ஆயினும் இதுவும் நைட்ரசனையே அளப்பதால் மெலமினைப் புரதத்திலிருந்து பிரித்தறியாது.
* பையூரெட்டு சோதனை: புரதத்திலுள்ள பெப்டைடு பிணைப்புகள் காரக் கரைசலில் செப்பு அயனியுடன் தரும் ஊதா நிறத்தை அளப்பது.
* அமினோ அமிலப் பகுப்பாய்வு: புரதத்தை நீராற்பகுத்து ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் தனித்தனியே அளப்பது. செலவு மிகுந்தது.
* அகச்சிவப்பு நிறமாலையியல்: பால் ஆய்வில் விரைவான சோதனைக்குப் பயன்படுவது. இக்கருவிகள் கெல்டால் முறையில் அளந்த மாதிரிகளைக் கொண்டு ஒப்பளவு செய்யப்படுகின்றன.

பிற பயன்பாடுகள்

கழிவுநீர் ஆய்வில், கரிம நைட்ரசனும் அம்மோனியா நைட்ரசனும் சேர்ந்த அளவு மொத்தக் கெல்டால் நைட்ரசன் எனப்படுகிறது. இதில் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் சேரா. மண்ணிலுள்ள மொத்த நைட்ரசனை அளக்கவும் இம்முறை பயன்படுகிறது. பயிருக்குக் கிடைக்கக்கூடிய நைட்ரசனை அறிய, இந்திய மண் ஆய்வகங்கள் சுப்பையா, அசிசா ஆகியோர் 1956 இல் வெளியிட்ட காரப் பெர்மாங்கனேட்டு முறையைப் பின்பற்றுகின்றன. இம்முறையில் அமிலச் செரிப்பு இல்லை எனினும், அம்மோனியாவை வடித்துத் தரம்பார்க்கும் பிற்பகுதி கெல்டால் முறையை ஒத்தது.

பாதுகாப்பு

செரிப்பின்போது வெளிவரும் சல்பர் டைஆக்சைடும் அமிலப் புகையும் நச்சுத்தன்மை உடையவை. ஆகவே புகை வெளியேற்றும் பேழையினுள்ளேயே இதனைச் செய்ய வேண்டும். சூடான அமிலத்தில் நீரைச் சேர்க்கக்கூடாது. முழுமையாகக் குளிர்ந்த பின்னரே, அதுவும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலக் கரைசலுடன் அடர் காரம் சேரும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படும். கொதிக்கும்போது கரைசல் துள்ளித் தெறிக்காதிருக்கக் கண்ணாடி மணிகள் இடப்படுகின்றன. கண்ணாடி, கையுறை, மேலங்கி ஆகியவை இன்றியமையாதவை. பாதரச வினையூக்கி பயன்பட்டிருந்தால் கழிவைச் சாக்கடையில் ஊற்றாமல் தனியே சேகரித்து ஒப்படைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* பருமனறி பகுப்பாய்வு
* தரம்பார்த்தல்
* நிறங்காட்டி
* புரதம்
* மெலமின்
* உணவுக் கலப்படம்